பழைய கார்களில் தானியங்கிக் கியர்: ஒரு மாற்றத்தின் வரலாறு

கிளட்ச் மிதியும் கையால் மாற்றும் கியரும் கொண்டு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஒரு காரைப் பிற்காலத்தில் பட்டறையில் நிறுத்தி, கிளட்ச் மிதி இல்லாமல் ஓடும் காராக மாற்றியமைப்பது நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வேலை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய கியர்பெட்டியை முழுவதும் கழற்றிவிட்டு அதன் இடத்தில் தானியங்கிப் பெட்டி ஒன்றைப் பொருத்துவது. மற்றொன்று, கியர்பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டுநரின் இடது கால் செய்துவந்த வேலையை மட்டும் ஒரு கருவியிடம் ஒப்படைப்பது. முதல் வழி அமெரிக்கப் பந்தய ஆர்வலர்களால் புகழ்பெற்றது. ஆகவே எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கிறது. ஆனால் சிறிய எஞ்சின்கள் ஓடிய நாடுகளுக்கும், இடது காலைப் பயன்படுத்த முடியாதவர்களுக்கும் கைகொடுத்தது பெரும்பாலும் இரண்டாவது வழிதான்.

இடது காலின் வேலை

பெட்ரோல் எஞ்சினால் நின்ற நிலையிலிருந்து இழுக்க முடியாது. அது முன்னதாகவே சுழன்றுகொண்டிருக்க வேண்டும். நிற்கும் சக்கரத்துடன் அதை மெல்ல மெல்லச் சேர்க்க வேண்டும். இந்தச் சேர்ப்பு வேலையைச் செய்வது கிளட்ச். 1890களில் பிரான்சின் பன்ஹார்ட் லெவாசோர் நிறுவனம், தண்டின் மேல் நகர்ந்து ஒன்றோடொன்று பல் கோக்கும் சக்கரங்களைக் கொண்ட கியர்பெட்டியைக் காரில் புகுத்தியது. அடுத்த நூறாண்டுகளின் கையியக்கக் கியர்பெட்டிகள் அந்த வழியில் வந்தவையே. இரண்டு சக்கரங்களின் வேகமும் ஒத்துவராத நேரத்தில் கியரை மாற்றினால் பற்கள் அரைபடும். எனவே ஒவ்வொரு மாற்றத்திற்கும் கிளட்சை இருமுறை மிதிக்கும் பழக்கம் ஓட்டுநர்களுக்கு வேண்டியிருந்தது.

1908இல் வந்த ஃபோர்டு டி மாடல் வேறு வழியில் போனது. அதில் ஒரு மையச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் சுழலும் கோள்வகைக் கியர் இருந்தது. பற்களைப் பிரித்துச் சேர்க்கத் தேவையில்லை. ஒரு பட்டையை இறுக்கினாலோ தளர்த்தினாலோ வேகம் மாறும். அதிலும் மூன்று மிதிகள் இருந்தன என்றாலும், பின்னாளில் தானியங்கிப் பெட்டியின் உள்ளே அமர்ந்தது இந்தக் கோள்வகை அமைப்புதான்.

இன்னொரு உறுப்பு கப்பல் துறையிலிருந்து வந்தது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல், ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றியபோது, நீராவிச் சுழலியின் ஆற்றலைத் திரவத்தின் வழியாகக் கப்பலின் உந்துவிசிறிக்குக் கடத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எதிரெதிரே இரு விசிறிகள், நடுவில் எண்ணெய். ஒரு விசிறி சுழன்றால் எண்ணெய் மற்றதைத் தள்ளும். வேகம் குறைந்தால் எண்ணெய் நழுவும், கூடினால் பிடிக்கும். கிளட்சின் வேலையைக் கால் இல்லாமலேயே இது செய்தது. பிரிட்டனின் டெய்ம்லர் நிறுவனம் 1930இல் இதே தத்துவத்தைத் தன் கார்களில் பயன்படுத்தியது. கியரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்கும் வில்சன் பெட்டியுடன் அது இணைக்கப்பட்டிருந்தது.

ஹைட்ரா-மேட்டிக்

இந்த உறுப்புகளை ஒன்றுசேர்த்து, பெருமளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கிப் பெட்டியை உருவாக்கியது ஜெனரல் மோட்டார்ஸ். எர்ல் தாம்சன் என்ற பொறியாளரின் குழு அதை வடிவமைத்தது. 1928இல் காடிலாக் கார்களில் வந்த, பல் அரைபடாமல் கியர் மாற்ற உதவிய ஒத்திசைவு அமைப்பும் இவருடையதே. கையியக்கக் கியரை எளிதாக்கியவரே அதைத் தேவையற்றதாக்கும் வேலையையும் தொடங்கினார். ஹைட்ரா-மேட்டிக் எனப் பெயரிடப்பட்ட அந்தப் பெட்டி 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு காடிலாக்கிலும் வந்தது. முன்னோக்கி நான்கு வேகங்கள். வண்டியை நிறுத்தி வைப்பதற்கெனத் தனி நிலை அதில் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னோக்கிக் கியரில் விட்டால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும்.

பிறகு போர் வந்தது. எம்5 இலகுரக டாங்கியில் இரண்டு காடிலாக் எஞ்சின்களும் இரண்டு ஹைட்ரா-மேட்டிக் பெட்டிகளும் பொருத்தப்பட்டன. போர்க்களச் சேறு கொடுத்த நற்சான்றை நிறுவனம் போருக்குப் பின் விளம்பரங்களில் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் போரிலிருந்து திரும்பிய எல்லோருக்கும் இரண்டு கால்கள் இருக்கவில்லை. உடலுறுப்பு இழந்த வீரர்களுக்கென ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு, ஹைட்ரா-மேட்டிக்குடன் சிறப்பு இயக்கிகளைச் சேர்த்து 'வேலியண்ட்' என்ற பெயரில் வழங்கியது. கால் இழந்த முன்னாள் வீரர் ஒருவர் கார் வாங்க 1,600 டாலர் வரை அரசு தரும் என்று 1946இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சொகுசு என்று விற்கப்பட்ட ஒரு பொருளை, வேலைக்குப் போய்வரத் தேவையான கருவியாக அரசு முதன்முதலில் பார்த்த இடங்களில் இது ஒன்று.

ஒரு காருக்கென வடிவமைத்த பெட்டிக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்துவது எந்த அளவுக்குச் சாத்தியம் என்பதை ஒரு தீ விபத்து காட்டியது. 1953 ஆகஸ்ட் 12 அன்று மிச்சிகனின் லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மேட்டிக் தொழிற்சாலையில், பற்றவைப்பின்போது தெறித்த தீப்பொறியால் நெருப்பு மூண்டு கட்டடம் அழிந்தது, உயிர்களும் பலியாயின. வில்லோ ரன் என்ற இடத்தில் உற்பத்தி மீண்டும் தொடங்கும்வரை காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பியூக்கின் டைனாஃப்ளோ பெட்டியும், பான்டியாக்கில் செவ்ரலேயின் பவர்கிளைடும் பொருத்தி அனுப்பப்பட்டன. தனி ஆள் ஒருவர் பின்னாளில் தன் வீட்டுக் கொட்டகையில் செய்ததை இங்கே தொழிற்சாலையே நெருக்கடியில் செய்தது.

பட்டறையில் நடந்தது

1950களின் முடிவுக்குள் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் பெரும்பான்மை தானியங்கியாகிவிட்டது. மோதிச் சிதைந்த கார்களிலிருந்து கழற்றிய பெட்டிகள் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் குவிந்தன. கலிபோர்னியாவின் நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் ஹைட்ரா-மேட்டிக்கை எடுத்துப் பலப்படுத்திப் பழைய கார்களில் மாட்டத் தொடங்கினர். பி அண்ட் எம் போன்ற நிறுவனங்கள் இந்தத் தொழிலிலேயே வளர்ந்தன. கையால் மாற்றுபவர் ஒருமுறை தவறினால் பந்தயம் போயிற்று. தானியங்கி ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் மாறியது.

சாலையில் ஓடும் சாதாரணக் காருக்கு இந்த மாற்றத்தை எளிதாக்கியது செவ்ரலே. 1955இல் வந்த அதன் வி8 எஞ்சினின் பின்புறத்தில் கியர்பெட்டியைப் பிணைக்கும் போல்ட் துளைகளின் அமைப்பைப் பல பத்தாண்டுகளுக்கு நிறுவனம் மாற்றவில்லை. ஆகவே 1957ஆம் ஆண்டுக் கார் ஒன்றில் 1969இல் அறிமுகமான டர்போ ஹைட்ரா-மேட்டிக் 350 பெட்டியை நேரடியாகப் பூட்ட முடிந்தது. அந்தப் பெட்டியின் குட்டை வால் வகை, பல செவ்ரலே கையியக்கப் பெட்டிகளின் நீளத்திற்கு ஏறத்தாழ ஒத்திருந்ததால், பின்சக்கரத்திற்குப் போகும் சுழல்தண்டை வெட்டி ஒட்டும் செலவும் சில வேளைகளில் மிச்சமானது.

பெட்டி பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணித் தொடங்கியவர்களே அதிகம். உண்மையில் வேலை பெட்டியைச் சுற்றித்தான் இருந்தது. கனமான பிளைவீலைக் கழற்றி, மெல்லிய வளையும் தகட்டை வைக்க வேண்டும். கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் சிறிய புஷ்ஷை நீக்க வேண்டும். மறந்தால் திரவ மாற்றியின் மூக்கு அதில் இடிக்கும். திரவ மாற்றி என்பது ஃபோட்டிங்கரின் இரு விசிறிகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு விசிறி சேர்ந்த வடிவம். அது முறுக்குவிசையைப் பெருக்கித் தரும். அதைப் பெட்டிக்குள் செருகும்போது கையால் சுழற்றிச் சுழற்றி, எண்ணெய்ப் பம்பின் பற்களில் முழுமையாக உட்காரும்வரை தள்ள வேண்டும். சரியாக உட்கார்ந்திருந்தால், பெட்டியை எஞ்சினோடு இறுக்கிய பிறகும் தகட்டுக்கும் மாற்றிக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சும். இடைவெளி இல்லை என்றால் போல்ட்டை இறுக்கக் கூடாது. இறுக்கியவர்கள், வண்டியைக் கிளப்பிய சில நொடிகளில் பம்பை உடைத்துக்கொண்டனர்.

அடுத்தது வெப்பம். தானியங்கிப் பெட்டியில் எண்ணெய் நழுவும்போதெல்லாம் சூடு பிறக்கிறது. தானியங்கிக் காரின் ரேடியேட்டருக்குள் அந்த எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் இருக்கும்; கையியக்கக் காரின் ரேடியேட்டரில் இருக்காது. இதைக் கவனிக்காமல் ஓட்டிய வண்டிகளில் எண்ணெய் கருகி, உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்தன. 1982இல் வந்த நான்கு வேக 700ஆர்4 பெட்டி நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சியைக் குறைத்ததால் பழைய கார்களுக்கு விரும்பித் தேடப்பட்டது. ஆனால் கார்புரேட்டரிலிருந்து அதற்குப் போகும் கம்பி, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதற்கேற்ப உள் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. கம்பியின் அளவு தவறினால் அழுத்தம் போதாமல் நல்ல பெட்டியும் விரைவில் பாழாகும். மாற்றத்திற்குப் பின் பழுதான பெட்டிகளில் பல, பெட்டியின் குறையால் பழுதானவை அல்ல.

பாதுகாப்பு விஷயத்திலும் பழைய காரில் எதுவும் தானாக வரவில்லை. கியர் பிடித்திருக்கும்போது ஸ்டார்ட்டர் இயங்கக் கூடாது, முன்னோக்கி நிலைக்கும் பின்னோக்கி நிலைக்கும் நடுவே நியூட்ரல் இருக்க வேண்டும் என்ற விதிகள் அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. அதற்கு முந்திய கையியக்கக் காரின் மின்கம்பிகளில் இந்தத் தடைச்சுவிட்சுக்கு இடமே இல்லை. மாற்றுபவர்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் சாவியைத் திருப்பியதும் கார் பாய்ந்துவிடும். பழக்கமும் ஓர் ஆபத்து. கிளட்ச் மிதியை எடுத்துவிட்டு அகலமான பிரேக் மிதியை வைத்த முதல் சில நாட்களில், இல்லாத கிளட்சைத் தேடும் இடது கால் பிரேக்கை முழு வேகத்தில் மிதித்துவிடுவது இயல்பு.

கார் தயாரானபோதே தானியங்கியும் ஒரு தெரிவாக இருந்ததா என்பது மிக முக்கியமான கேள்வி. 1964இல் வந்த ஃபோர்டு மஸ்டாங்கை நிறுவனமே இரு வகையிலும் விற்றதால், தேவையான மிதி, தாங்கி, கம்பி எல்லாம் அதே மாடலின் இன்னொரு காரிலிருந்து கிடைத்தன. பிரிட்டனின் எம்ஜிபி காரில் தானியங்கித் தெரிவு 1967இல்தான் வந்தது. அதற்கு இடம் கொடுக்கவே தளத்தின் நடுமேடு அகலப்படுத்தப்பட்டது. அதே தோற்றமுள்ள 1962ஆம் ஆண்டு எம்ஜிபியில் அதே பெட்டியை வைக்கத் தளத் தகட்டை வெட்டியாக வேண்டும்.

சிறிய எஞ்சின்களின் வழி

ஐரோப்பாவின் சிக்கல் வேறு. ஐந்து லிட்டர் எஞ்சினுக்குத் திரவ மாற்றி விழுங்கும் ஆற்றல் ஒரு பொருட்டல்ல. ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கு அது மலையேற்றத்தில் தெரியும். பெட்ரோல் விலை உயர்ந்த நாடுகளில் அது பணப்பையிலும் தெரிந்தது. ஆகவே 1950களில் ஐரோப்பிய உதிரிப்பாக நிறுவனங்கள் கியர்பெட்டியைத் தொடாமல் கிளட்சை மட்டும் தானியங்கியாக்கின. ஜெர்மனியின் ஃபிக்டல் அண்ட் சாக்ஸ் 'சாக்ஸோமேட்' என்ற பெயரிலும், பிரிட்டனின் ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் 'மனுமேட்டிக்' என்ற பெயரிலும் இதைத் தயாரித்தன.

இரண்டின் தத்துவமும் ஒன்றே. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது எடைக்கட்டிகள் உள்ளேயே இருக்கும், கிளட்ச் விலகியிருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் அவை வெளிப்புறம் விரிந்து கிளட்சைப் பிடிக்கச் செய்யும். ஓடும்போது கியர் மாற்ற ஓட்டுநர் கியர் தண்டைத் தொட்டால் அதிலுள்ள மின்சுவிட்ச் மூடிக்கொள்ளும்; எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம் ஒரு தோல்படலத்தை இழுத்துக் கிளட்சை விடுவிக்கும். கை தண்டை நகர்த்தும், கால் சும்மா இருக்கும். இதை முழுத் தானியங்கி என்று சொல்ல முடியாது; எந்தக் கியர் என்பதை இன்னும் மனிதரே முடிவு செய்கிறார். ஆனால் இடது கால் இல்லாத ஒருவருக்குக் கியரைத் தேர்ந்தெடுப்பது ஒருபோதும் சிக்கலாக இருந்ததில்லை. மிதிதான் சிக்கல். அதை மட்டும் நீக்கிய இந்தக் கருவிகளைத் தானியங்கிப் பெட்டிக்கு முந்திய அரைகுறை முயற்சியாகக் கருதும் வழக்கம் சரியானதல்ல.

மனுமேட்டிக் பொருத்தக் கிடைத்த கார்களில் ஒன்று 1956இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. அந்தக் காரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரித்து, அம்பாசடர் என்று பெயரிட்டு இந்தியச் சாலைகளில் விட்டது. உடல் வந்தது, எஞ்சின் வந்தது, ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் கியர் மாற்றும் கோலும் வந்தது. இரண்டு மிதி வசதி வரவில்லை. கார் வாங்கவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் அதைக் கேட்டு வாங்கும் நிலையில் யாரும் இல்லை. வண்டி கிளம்பாவிட்டால் நான்கு பேர் தள்ளிக் கிளப்பும் வசதியும் கையியக்கக் கியரின் பக்கம் இருந்தது. பின்புறப் பம்பு வைத்திருந்த பழைய அமெரிக்கத் தானியங்கிகளைத் தள்ளிக் கிளப்ப முடிந்தது. 1960களின் நடுவில் அந்தப் பம்பு கைவிடப்பட்ட பிறகு அது போயிற்று.

இதனால் இந்தியாவில் மாற்றம் பட்டறையின் பொறுப்பாயிற்று. 1983 இறுதியில் மாருதி 800 வந்தபோது அதன் கிளட்சை இழுத்தது ஓர் எளிய கம்பிவடம். அந்த வடத்தைக் காலுக்குப் பதில் ஒரு கைக்கோலோ, வெற்றிடக் குடுவையோ, சிறு மின்மோட்டாரோ இழுத்தால் போதும். கியர் தண்டின் குமிழில் ஒரு பொத்தான். ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் இயக்க ஸ்டியரிங் அருகே இன்னொரு கோல். போலியோவால் கால்கள் நலிந்த பலர் இப்படி மாற்றிய சிறு கார்களில் வேலைக்குப் போய்வந்தனர். எல்லா உறுப்புகளும் வெளியிலிருந்து மாட்டப்பட்டவை என்பதால், காரை விற்கும்போது கழற்றி அடுத்த காரில் பொருத்தவும் முடிந்தது.

2014 பிப்ரவரியில் மாருதி சுசுகி செலேரியோ வெளிவந்தது. அதன் தானியங்கி வகையில் இருந்தது வழக்கமான கையியக்கக் கியர்பெட்டிதான். கிளட்சையும் கியரையும் கணினி ஆணைப்படி மின்-திரவ இயக்கிகள் நகர்த்தின. மனுமேட்டிக் கைவிட்ட இடத்திலிருந்து அடுத்த அடி அது. விலையும் மைலேஜும் கையியக்கக் காருக்கு அருகில் இருந்ததால் இந்த வகை இந்தியாவில் வேகமாகப் பரவியது. அதே ஆண்டு மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. கடைசி வரை அதற்கு மூன்று மிதிகள்தான்.

மீட்டெடுப்பவர்களின் வாதம்

பழைய கார்கள் சேகரிப்புப் பொருளாக மதிப்புப் பெற்ற பிறகு இந்த மாற்றத்திற்கு எதிர்ப்பும் வலுத்தது. பழம்பெரும் வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் உருவாக்கிய டூரின் சாசனம், வாகனத்தின் வரலாற்று உடலைக் காப்பதை முதன்மைப்படுத்தி, தவிர்க்க முடியாத மாற்றங்கள் கூடுமானவரை திரும்பப் பெறக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. தளத்தை வெட்டியவர் இதில் தோற்றுப்போகிறார். கழற்றிய பெட்டியையும் மிதிகளையும் துணியில் சுற்றி வைத்திருப்பவர் தோற்பதில்லை. எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. இளமையில் வாங்கிய காரை எழுபது வயதில் முழங்கால் வலியோடு வைத்திருப்பவருக்கு, மாற்றாவிட்டால் அந்தக் கார் கொட்டகையிலேயே நிற்கும். ஓடாத காரில் ரப்பர் காய்ந்து, எண்ணெய் வற்றி, துருவும் ஏறும். அதுவும் ஒரு வகை அழிவே.

சட்டத்தின் நிலை

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52இல், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. ஆனால் அதே ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வாசல் திறந்தது: ஒருவர் தன் வாகனத்தைத் தனக்கேற்பத் தகவமைத்துக்கொண்டு, பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பின்னர் பெறலாம். ஓட்டுநர் உரிமத்தின் வகைகளைச் சொல்லும் பிரிவு 10இல் அதுவரை 'இயலாதோர் வண்டி' என்ற பொருள்படும் சொல் இருந்தது. அந்தத் திருத்தம் அதை நீக்கி, 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்று எழுதியது.